டன்லப்பிலிருந்து பூந்தமல்லி வரை, காலால்

சென்னையில் மாரத்தான் ஓடுகிறேன் என்று சொன்னால் கேட்பவர் மனதில் மெரினாதான் வரும். இல்லையென்றால் பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். ஜனவரிப் பந்தயம் அந்தப் பக்கம்தான் நடக்கிறது. படங்களும் அங்கேதான் எடுக்கிறார்கள். ஆனால் பந்தயம் ஒரு நாள் கூத்து. அதற்கு முன்னால் நாலு மாதம் ஓடியாக வேண்டுமே, அதை அவரவர் வீட்டு வாசலிலிருந்துதான் ஓட முடியும். அம்பத்தூர்க்காரன் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கடற்காற்று வாங்க இருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய், அங்கே இருபத்தைந்து ஓடி, மறுபடி வண்டி ஓட்டித் திரும்பி வந்தால், வீட்டில் உள்ளவர்கள் அவனை மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதனால் எங்கள் நெடுந்தூரம் எல்லாம் சி.டி.எச். என்கிற சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலையில்தான்.

ஜனவரிப் பந்தயத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. பயிற்சி உச்சத்துக்கு வரும் மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊர் முழுக்கத் தண்ணீர். யாருடைய பயிற்சி அட்டவணையும் அந்த வாரம் பிழைக்கவில்லை. மழை விட்டுத் தரை காயும்போது மார்கழி பிறந்துவிடும். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு கடைசி நெடுந்தூர ஓட்டம், அதன்பிறகு தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துக் காலுக்கு ஓய்வு. நான் சொல்லப் போவது அந்தக் கடைசி ஓட்டத்தை. அம்பத்தூர் டன்லப் நிறுத்தத்தில் தொடங்கி, ஆவடி போய், பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றிவிட்டுப் பூந்தமல்லியில் முடிப்பதாகத் திட்டம். எல்லாம் சேர்ந்து இருபத்தேழு, இருபத்தெட்டு கிலோமீட்டர் வரும்.

டன்லப் தொழிற்சாலை மூடிக் கிடந்தாலும் நிறுத்தத்தின் பெயர் அதுதான். நடத்துநரும் அப்படித்தான் கூவுவார், ஷேர் ஆட்டோக்காரரும் அப்படித்தான் கேட்பார். அதிகாலை நாலேகாலுக்கு அங்கே நின்றால் தனியாக நிற்கிற உணர்வே வராது. எஸ்டேட்டில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் டீக்கடையில் நிற்பார்கள். 1960-களில் உருவான தொழிற்பேட்டை இது; அறுபது வருடமாக இந்தச் சாலையில் விளக்கணைந்த நேரம் என்று ஒன்று கிடையாது. எங்கள் அரைக்கால் சட்டையையும் இடுப்பில் கட்டிய தண்ணீர் பாட்டிலையும் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்தவருக்குச் சிரிக்கத் தெம்பு ஏது?

கூட வந்தவர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன். அறுபதைத் தாண்டியவர். கையில் கடிகாரம் கட்டுவதில்லை. எந்தக் கோயில் மணி அடிக்கிறது என்பதை வைத்து நேரத்தைச் சொல்லிவிடுவார். இடது கால்சட்டைப் பையில் நாலாக மடித்த செய்தித்தாள் பொட்டலம் ஒன்று இருக்கும். அதில் நகத்தளவு நொறுக்கிய வெல்லமும் இரண்டு சிட்டிகை உப்பும்.

"ஜெல் வாங்கிட்டு வந்திருக்கேன் அண்ணே, ஒண்ணு தரட்டுமா?"

"எனக்கு வேணாம் தம்பி. அது தொண்டையில போயி ஒட்டிக்குது. நீ சாப்பிடு."

மார்கழிக் குளிர் ஓட்டத்துக்கு நல்லது என்பது பாதி உண்மைதான். வெயில் இல்லை, சரி. ஆனால் சென்னையில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது விடியலுக்கு முந்தைய நேரத்தில்தான். வியர்வை வழிகிறது, ஆவியாவதில்லை. ஆவியானால்தானே உடம்பு குளிரும்? அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தம் தாண்டும்போதே என் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. அண்ணன் வேகத்தைக் கூட்டவே இல்லை. நெடுந்தூர ஓட்டத்தின் முதல் விதி, பேச்சு மூச்சு வாங்காமல் வர வேண்டும். அவர் நடுவில் ஒரு சினிமாக் கதையை முழுசாகச் சொல்லி முடித்தார்.

புரட்டாசியில் இந்தச் சாலையை வேறு மாதிரி பார்க்கலாம். சென்னை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக்குக் குடைகள் கிளம்பும்; பின்னாலேயே மஞ்சள் வேட்டிக் கூட்டம் கால்நடையாகப் போகும். வழியெங்கும் பந்தல் போட்டுப் புளியோதரை, நீர்மோர், பானகம். மாரத்தான் அமைப்பாளர்கள் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை போடுவதைப் புதுமையாகச் சொல்லும்போது எனக்கு அந்தப் பந்தல்கள்தான் ஞாபகம் வரும். பானகத்தில் வெல்லம், மோரில் உப்பு, புளியோதரையில் இரண்டும் போக அரிசி. செருப்பில்லாமல் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் நடப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரோ எப்போதோ சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

திருமுல்லைவாயில் வரும்போது ஒலிபெருக்கியில் திருப்பாவை ஆரம்பித்துவிட்டது. யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்க, தொண்டைமான் வாளால் வெட்ட, உள்ளேயிருந்து சிவலிங்கம் வெளிப்பட்டது என்று கதை சொல்லும் மாசிலாமணீஸ்வரர் கோயில் உள்ளே தள்ளி இருக்கிறது. சாலையில் எங்களுக்கு வாய்த்தவை நாய்கள். தெருவுக்கு ஒரு கட்சி. எல்லையில் நின்று குரைத்துவிட்டு அடுத்த கட்சியிடம் ஒப்படைக்கும். ஓட்டப் பயிற்சிப் புத்தகங்கள் எதிலும் இதற்கு அத்தியாயம் இல்லை. அண்ணன் முறை எளிது: ஓடுவதை நிறுத்தி, நாலடி நடந்து, "போடா போ" என்று வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசி, மறுபடி ஓடுவார். இதுவரை கடி வாங்கியதில்லை என்கிறார்.

ஆவடி என்றால் பள்ளிப் பாடத்தில் 1955 காங்கிரஸ் மாநாடு. செய்தித்தாளில் விஜயந்தா, அஜேயா, அர்ஜுன் என்று டாங்கிகள். அதிகாலையில் ஓடிப் போகிறவனுக்கு ஆவடி என்றால் பையன்கள். கனரக வாகனத் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப்., சிறப்புக் காவல் படை, விமானப்படை நிலையம் என்று சீருடை சூழ்ந்த ஊர். சீருடை போட ஆசைப்படும் பிள்ளைகளும் இங்கேதான் அதிகம். தெருவிளக்கு வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டமாக ஓடுகிறார்கள். காலில் கேன்வாஸ், சிலருக்கு வெறுங்கால். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். ராணுவத்தில் அக்னிவீர் ஆள்சேர்ப்பு என்றால் 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் முழு மதிப்பெண். எங்களைப் போல் இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் அவர்களுக்கு வேடிக்கை.

பருத்திப்பட்டு ஏரி வாசலில் ஒரு பையன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்கேர்ந்துண்ணா வர்றீங்க?"

"டன்லப்."

"அங்கேர்ந்தா! எதுக்குண்ணா?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவன் எதற்கு ஓடுகிறான் என்பது ஊருக்கே தெரியும். முடித்துவிட்டு என்ன சாப்பிடுவாய் என்று கேட்டேன். டீயும் பன்னும் என்றான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று தினமும் இரண்டு முறை ஓடுகிறானாம். ஓட்டத்துக்குப் பிந்தைய உணவு பற்றி உலகில் நடந்த ஆராய்ச்சி அத்தனையும் உண்மையில் இவனைப் போன்ற ஒருவனுக்காக நடந்தவை. ஆனால் அந்த ஆராய்ச்சியைப் படித்துவிட்டுப் புரதப் பொடி டப்பா வாங்குவது என்னைப் போல் வாரத்துக்கு ஒரு முறை நீண்ட தூரம் ஓடும் அலுவலகத்து ஆள்.

கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் சாப்பிடும் மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றித் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிறது. நல்ல உடல்நிலையில் உள்ளவரிடம் தசையில் ஏறக்குறைய 400 கிராம், ஈரலில் 100 கிராம் இருக்கும். மொத்தம் 2,000 கலோரி. மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டருக்கு அது போதாது. முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது பலருக்கும் கால் கல்லாகிவிடுவது அதனால்தான். 1960-களில் சுவீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரண்டு பேர் இதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்தார்கள். ஒரே சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப் போகும் வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுச்சத்தாகச் சாப்பிட்டு, தொடைத் தசையிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில், சும்மா இருந்த காலைவிடக் கிளைக்கோஜன் ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்ந்திருந்தது. ஓடித் தீர்த்த தசைதான் அதிகமாக வாங்கி வைக்கிறது என்பது அன்றைக்கு நிரூபணம் ஆனது.

எவ்வளவு சீக்கிரம் சாப்பிட வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 1988-ல் அமெரிக்காவில் ஜான் ஐவி குழுவினர், பயிற்சி முடிந்தவுடன் மாவுச்சத்து கொடுத்தால் ஒரு வேகம், இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுத்தால் அதில் ஏறக்குறைய பாதி வேகம் என்று காட்டினார்கள். அரை மணிக்குள் சாப்பிடாவிட்டால் ஓடியதே வீண் என்ற பீதி இங்கேயிருந்து கிளம்பியதுதான். பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் தணித்தன: ஒரு நாள் முழுக்கப் போதுமான அளவு சாப்பிட்டால் மறுநாளுக்குள் கிட்டத்தட்டச் சரியாகிவிடுகிறது. ஆகவே அடுத்த ஓட்டம் செவ்வாய்க்கிழமைதான் என்றால் பதற வேண்டாம். சாயங்காலமே மறுபடி ஓட வேண்டியவனுக்கு அந்த இரண்டு மணி நேரம் முக்கியம். டீயும் பன்னும் அவனுக்குப் பற்றாது. பன்னோடு இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். முட்டை முடியுமா என்று கேட்டேன். "பாக்கலாண்ணா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். பார்க்கலாம் என்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை நான் கேட்கவில்லை.

பருத்திப்பட்டு ஏரி 2019-ல் சீரமைக்கப்பட்டுப் பூங்காவானது. கரையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடைபாதை. இந்தப் பக்கத்தில் வண்டி பயமில்லாமல் ஓடக் கிடைத்த இடம் இது ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். விடியும்போது பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். சுடிதாரும் ஸ்போர்ட்ஸ் ஷூவும், சிலர் புடவையும் ஷூவும். சாலையில் தனியாக ஓடத் தயங்கும் பெண் இங்கே நிம்மதியாக ஓடுகிறாள். ஏரிகள் நிறைந்த வட்டாரம்தான் இது: அம்பத்தூர், கொரட்டூர், புழல், செம்பரம்பாக்கம். ஆனால் கரையில் இப்படி ஒரு பாதை கிடைப்பது அரிது. ஒவ்வொரு ஏரியிலும் இப்படி ஒன்று போட்டால் எலும்பு மருத்துவர்களுக்கு வருமானம் குறையலாம். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. மூன்று சுற்று முடித்தோம். இரண்டாவது சுற்றில் அண்ணன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வெல்லத் துண்டை உப்பில் தொட்டு வாயில் போட்டார். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை என்பது பொதுவான பரிந்துரை. அவர் வெல்லம் அதற்குக் காணாது. ஆனால் அவர் ஓடும் வேகத்துக்கு அவருக்குப் போதுமாக இருக்கிறது. கடலை மிட்டாயை மட்டும் யாரும் ஓட்டத்தின் நடுவே முயற்சி செய்ய வேண்டாம். வறண்ட வாயில் அதை மென்று விழுங்க ஒரு கிலோமீட்டர் ஆகும்.

ஆவடி – பூந்தமல்லி சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காடுவெட்டியில் கூவம் குறுக்கே போகிறது. மழைக்காலத்தில் இங்கே அது நிஜமாகவே ஓடும் ஆறு; நேப்பியர் பாலத்தடியில் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். வீரராகவபுரம் தாண்டியதும் கல்லூரிப் பேருந்துகளின் வரிசை, லாரிகள், புழுதி. வெயில் ஏறிவிட்டது. இருபத்திரண்டாவது கிலோமீட்டருக்குப் பிறகு பேச்சு நின்றது. சென்னீர்க்குப்பம் வரும்போது என் கறுப்பு பனியனில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. உப்பு. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் போகிறது. சமையல் உப்புக் கணக்கில் இரண்டரை கிராம், அரைத் தேக்கரண்டியை ஒட்டி வரும். இந்த உப்பை மறந்து வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, சோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியில் அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம்.

கரையான்சாவடியில் மெட்ரோ தூண்கள். பூந்தமல்லி. நிறுத்தினோம்.

பேருந்து நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு தள்ளுவண்டி. இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தால் அக்காவின் முகம் ஆவியில் மறைகிறது. ஈரத் துணியோடு தட்டைக் கவிழ்த்து, துணிமேல் தண்ணீர் தெளித்து, ஒரு நுனியைப் பிடித்து உரிக்கிறார், ஒன்றுகூடப் பிய்யவில்லை. எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "இன்னாபா, மழையில நனைஞ்சீங்களா?"

"வேர்வைக்கா. டன்லப்லேர்ந்து ஓடி வர்றோம்."

"பஸ்ஸு வரலியா?"

அண்ணன் சிரித்த சிரிப்பில் தட்டு ஆடியது. எனக்கு எடை 65 கிலோ. நெடுந்தூரம் ஓடியபின் முதல் சில மணி நேரத்துக்கு, மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு உணவியலில் வழக்கமான கணக்கு. எனக்கு 65-லிருந்து 78 கிராம். வண்டிக்கடை இட்லி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு கிராம் தேறும். ஆறு இட்லி. புரதம் ஒரு வேளைக்கு 20 கிராம் வேண்டும். ஆறு இட்லியின் உளுந்தும் சாம்பாரின் பருப்பும் சேர்ந்து பதினைந்தை எட்டும், மிச்சத்துக்கு ஒரு முட்டை. பக்கத்தில் இருந்த தோசைக்கல்லில் ஒரு ஆம்லெட் சொன்னேன். உப்புக்குச் சாம்பார் இருக்கிறது; அக்கா கை தாராளம். இதற்குமேல் ஒரு டப்பாப் பொடி என்ன செய்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை. காலை ஏழரை மணிக்கு ஒன்றும் இறங்காது, குமட்டுகிறது என்பவர்களுக்குப் பொடியைக் கரைத்துக் குடிப்பது வசதி என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கும் பால் இருக்கிறது. பயிற்சிக்குப் பிறகு பால் குடித்தால் உடம்பில் நீர் நன்றாகத் தங்குகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன.

கேழ்வரகுக் கூழை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல உணவு, மறுக்கவில்லை; மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் மாவுச்சத்து, நீர், உப்பு மூன்றும் ஒரே சொம்பில். ஆனால் கூழ் வண்டி வெயில் ஏறிய பிறகுதான் வரும். ஓடி முடிப்பவன் அதற்காகக் காத்திருந்தால் ஐவி சொன்ன இரண்டு மணி நேரம் போய்விடும். புரதமும் அதில் குறைவு. அதை இரண்டாவது வேளைக்கு வைத்துக்கொள்வதுதான் புத்தி. தண்ணீரையும் அப்படித்தான் பிரித்துக் குடிக்க வேண்டும்: ஓட்டத்தில் ஒரு கிலோ எடை இறங்கியிருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, ஒரே மூச்சில் அல்ல, மதியத்துக்குள்.

பக்கத்தில் வரதராஜப் பெருமாள் கோயில். நெடுந்தூரக்காரர் ஒருவரின் ஊர் இது. ராமானுஜர் காலத்துத் திருக்கச்சி நம்பி இங்கே பிறந்தவர். நந்தவனம் வைத்துப் பூ வளர்த்து, தொடுத்து, காஞ்சிபுரம் வரதருக்குக் கால்நடையாகக் கொண்டுபோனார் என்கிறது வைணவ மரபு. ஐம்பது கிலோமீட்டர். நம்பி உண்ட மிச்சத்தைத் தான் உண்ண வேண்டும் என்று ராமானுஜர் அவரை வீட்டுக்கு அழைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் இல்லாத நேரத்தில் நம்பி வந்தார். மனைவி தஞ்சமாம்பாள் பரிமாறினார். சாதியைப் பார்த்து இலையை எறிந்து, இடத்தைக் கழுவிவிட்டார். ராமானுஜர் திரும்பி வந்து மனம் நொந்தார். குரு பரம்பரைக் கதைகளில் நம்பியின் நடையை எல்லோரும் சொல்கிறார்கள். நடந்து வந்தவருக்குக் கிடைத்த சோறும் அந்தச் சோற்றோடு வந்த அவமானமும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மார்கழியாதலால் கோயிலில் வெண்பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அரிசி, பாசிப்பருப்பு, மிளகு, உப்பு, நெய். ஆறு இட்லிக்கு மேல் அண்ணன் இரண்டு தொன்னை வாங்கினார்.

"நெய் ஜாஸ்திண்ணே. செரிக்க நேரமாகும்."

"செரிக்கட்டும் தம்பி. எனக்கு இன்னிக்கு என்ன வேலை?"

ஆவடிப் பேருந்து வந்தது. முன்படியில் ஏறக் காலைத் தூக்கியபோது தொடை பிடித்துக்கொண்டது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஏறினேன். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த ஞாயிறு கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டார்: பதினாறு போதும், அதற்கடுத்த வாரம் பத்து, ஏரிக்குள்ளேயே முடித்துவிடலாம், அந்தப் பையன் இருந்தால் அவனுக்கும் சேர்த்து முட்டை வாங்கிக்கொண்டு போகலாம்.